இரண்டாம் தழுவல்

மைக்ரோசாஃப்ட் லினக்ஸைத் தன் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டதை எண்ணும்போதெல்லாம் மகிழ்ச்சிக்குப் பதிலாக ஒரு சங்கடம்தான் எனக்குள் எழுகிறது. ஏன் என்று உடனே சொல்லத் தெரியவில்லை. கட்டற்ற மென்பொருளின் பக்கம் நின்று பேசியவர்கள் எல்லோரும் ஒருகாலத்தில் வேண்டிக்கொண்டது இதைத்தான். பகைத்தவர் பகையை விட வேண்டும், மூடிவைத்தவர் திறக்க வேண்டும், 1991இல் ஹெல்சின்கியில் ஒரு கல்லூரி மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலைக்கு உலகின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனம் தலைவணங்க வேண்டும். ஏறக்குறைய எல்லாமே நடந்துவிட்டன. இன்னும் ஒருபடி மேலே போய், விண்டோஸே ஒருநாள் லினக்ஸின் கருவான கெர்னலின் மேல் ஓடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். திறமூல இயக்கத்தின் நெடுநாள் எழுத்தாளர் எரிக் ரேமண்ட் 2020இல் அப்படித்தான் எழுதினார். சொந்தக் கெர்னலைப் பராமரிக்கும் செலவு ஒரு கட்டத்தில் மைக்ரோசாஃப்டுக்கு வீண் சுமையாகிவிடும், பழைய நிரல்களை ஓடவைக்கும் ஒரு மெல்லிய படலமாக மட்டும் விண்டோஸ் லினக்ஸின் மேல் எஞ்சும் என்பது அவருடைய கணிப்பு. நிறுவனம் அப்படி எதையும் அறிவிக்கவில்லை. கணிப்பு பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஆனால் பலித்தாலும் என் சங்கடம் தீராது என்றுதான் தோன்றுகிறது. அந்த நாள் வந்தால் யாருடைய வெற்றியை நாம் கொண்டாடுவோம்? வென்றது ஒரு கெர்னலா, அதை எழுதிய ஆயிரக்கணக்கானோரா, அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களா, அல்லது கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் மனிதரா? இந்தக் கடைசி மனிதரை நினைக்கும்போதுதான் மனம் நெருடுகிறது.

இன்று விண்டோஸ் ஓடும் ஒரு மடிக்கணினியில் மூன்றெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டினால் கறுப்புச் சன்னல் ஒன்று திறக்கிறது. அதில் ஓடுவது மெய்யான லினக்ஸ். 2016இல் அது முதலில் வந்தபோது, லினக்ஸ் நிரல்கள் கேட்பதை விண்டோஸ் கெர்னலுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் ஏற்பாடாகத்தான் இருந்தது. 2019இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் அந்த இடைத்தரகு வேலையை விட்டுவிட்டு, லினக்ஸ் கெர்னலையே மைக்ரோசாஃப்ட் தன் கையால் தொகுத்து விண்டோஸுக்குள் வைத்து அனுப்பத் தொடங்கியது. கோப்புகள் அடுக்கியிருக்கும் பலகத்தின் ஓரத்தில், நம் ஆவணங்களுக்கும் பதிவிறக்கங்களுக்கும் கீழே, லினக்ஸின் சின்னமான சிறிய பெங்குவின் ஒன்று சாதுவாக நிற்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு அட்டை உறையில் வந்த உபுண்டு லினக்ஸ் குறுந்தகடுகள் நினைவுக்கு வருகின்றன. 2011வரை, கேட்டவர்களுக்கெல்லாம் அஞ்சல் செலவையும் ஏற்றுக்கொண்டு கெனானிக்கல் நிறுவனம் அவற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் தகடு உள்ளே சுழலும் ஓசை, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலேறிப் போகும் வேகம், வன்தட்டைப் பிரிக்கும் இடத்தில் விரல் தயங்கும் அந்த நொடி, எல்லாம் முடிந்து திரை தெளிந்தபிறகு ஒலி வராமல் இருக்கும் மௌனம். அந்த மௌனத்தைக் கலைக்க ஓர் இரவு தேவைப்படும். ஒலி அட்டையின் பெயரைத் தேடி, எங்கோ ஒரு நாட்டில் எவரோ எழுதிவைத்த குறிப்பைப் படித்து, ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றினால் சட்டென்று பாட்டு கேட்கும். கணினி நம்முடையது என்ற உணர்வு முதன்முதலில் வருவது அப்போதுதான். பெங்குவின் இன்று எளிதாகக் கிடைக்கிறது. அந்த உணர்வும் அதோடு சேர்ந்து கிடைக்கிறதா என்பதுதான் என் ஐயம். இரவு முழுக்கத் துன்பப்பட்டால்தான் விடுதலை என்று சொல்லவரவில்லை, எளிமை நல்லதுதான். ஆனால் அந்தக் கறுப்புச் சன்னலின் சட்டமும் கண்ணாடியும் பூட்டும் இன்னொருவருடையவை என்பதை மறக்க முடியவில்லை.

பகை எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை இன்று இருபது வயதில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். 1998 அக்டோபர் இறுதியில் மைக்ரோசாஃப்டின் உள் அறிக்கை ஒன்று கசிந்து, இதே எரிக் ரேமண்டின் கைக்கு வந்தது. கட்டற்ற மென்பொருள் தரத்தில் வணிக மென்பொருளுக்கு இணையாக வர முடியும் என்று அதை எழுதியவர் தெளிவாகவே ஒப்புக்கொண்டிருந்தார். அதை எதிர்கொள்ள அவர் கூறிய வழிகளுள் ஒன்று, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறைகளை நீட்டித்தும் புதிதாக உருவாக்கியும் மற்றவர் நுழைய முடியாதபடி செய்வது. அரவணை, நீட்டு, அழி என்ற மூன்று சொற்கள் அதே ஆண்டு அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் இன்டெல் அதிகாரி ஒருவரின் சாட்சியத்தில் வெளிவந்தன. 2001இல் மைக்ரோசாஃப்டின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். 2003இல் மியூனிக் நகர மன்றம் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்ற முனைந்தபோது, பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டு மேயரைப் பார்க்கப் போனவரும் அவர்தான். 2007இல் லினக்ஸும் பிற கட்டற்ற மென்பொருள்களும் தங்களுடைய 235 காப்புரிமைகளை மீறுகின்றன என்று நிறுவனம் சொன்னது. எவை அந்த 235 என்று பட்டியல் போட்டுக் காட்டவில்லை. காட்டாததில்தான் அதன் வலிமை இருந்தது. எது தவறு என்று தெரிந்தால் அந்த வரியை அழித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம். தெரியாதவரை எல்லா வரியும் குற்றவாளிதான். அந்த ஆண்டுகளில் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் பெயரில்லாத கடன் ஒன்றைச் சுமந்தவர்களைப்போல நடத்தப்பட்டார்கள்.

மகாபாரதத்தில் போர் முடிந்தபின் திருதராஷ்டிரன் பீமனைத் தழுவக் கைநீட்டும் இடம் எல்லோருக்கும் தெரியும். கண்ணன் பீமனை விலக்கி இரும்புப் பதுமையை முன்னே தள்ளுகிறான். அந்தக் கைகள் அதை நொறுக்குகின்றன. மைக்ரோசாஃப்டின் அன்பை நம்பாதவர்கள் இந்தக் கதையைத்தான் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. பதுமை நொறுங்கியதும் கிழவனின் வாயில் ரத்தம் வருகிறது, கோபம் வடிந்துவிடுகிறது, பீமனைக் கொன்றுவிட்டோமே என்று கதறி அழுகிறான். உண்மையை அறிந்தபின் பாண்டவர்களை மறுபடியும் தழுவுகிறான். அந்த இரண்டாம் தழுவலில் யாருடைய எலும்பும் முறியவில்லை. இதைப் பற்றி நாம் ஏன் பேசுவதே இல்லை? வஞ்சம் தீர்ந்தபின் ஒருவர் மெய்யாகவே மாறக்கூடும் என்பதை ஏற்க நமக்கு மனமில்லையோ? மைக்ரோசாஃப்ட் 2009இல் டாம்டாம் என்ற வழிகாட்டிக் கருவி நிறுவனத்தின்மீது கோப்பு முறைமைக் காப்புரிமைக்காகத் தொடுத்த வழக்கை, அந்த 235 என்ற எண்ணை, இரும்புப் பதுமையாகவே இப்போது பார்க்கிறேன். கோபம் அவற்றில் மோதித் தீர்ந்தது. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் லினக்ஸைக் காப்புரிமைத் தாக்குதல்களிலிருந்து காக்கும் கூட்டமைப்பில் சேர்ந்து, தன்னுடைய 60,000 காப்புரிமைகளை அதற்குள் கொண்டுவந்தது. வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றிருந்தோம் என்று 2020இல் மைக்ரோசாஃப்டின் தலைவர் பிராட் ஸ்மித் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். இவற்றை நடிப்பு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. காப்புரிமைகளை இப்படிப் பகிர்ந்துகொள்வது வெறும் சொல்லால் ஆகிற காரியமில்லை. இது இரண்டாம் தழுவல்தான் என்று வைத்துக்கொண்டால், என் சங்கடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியானால் என் ஐயம் அந்தக் கைகளைப் பற்றியதாக இருக்க முடியாது.

2014 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி சத்ய நாதெல்லா மேடையேறி, மைக்ரோசாஃப்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவே ஓர் இதயம் வரைந்த படத்தைக் காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நிறுவனத்தின் அஷூர் கிளவுடில் லினக்ஸ் கணினிகளை வாடகைக்கு விடத் தொடங்கியிருந்தார்கள். சில ஆண்டுகளில் அங்கே வாடகைக்குப் போகும் கணினிகளில் விண்டோஸைவிட லினக்ஸே மிகுதியாகிவிட்டது. விற்பனைப் பொருள் மாறிவிட்டது என்பதுதான் இதன் நேரான விளக்கம். பெட்டியில் அடைத்த இயங்குதளத்தை விற்றவர் இன்று மணிக்கணக்கில் கணினி நேரத்தை விற்கிறார். வாடகைக்கு வருபவர் எந்த இயங்குதளத்தைக் கேட்டாலும் வாடகை வாடகைதான். இதில் இழிவு ஒன்றுமில்லை, வணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் இந்த இடத்தில் லினக்ஸின் உரிமத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த உரிமம், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, ஒரே ஒரு செயலின்போதுதான் விழித்துக்கொள்கிறது. நிரலை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, மூலநிரலையும் கொடு, மாற்றும் உரிமையையும் கொடு என்று கேட்கிறது. 2009இல் அது விழித்துக்கொண்டதை நாம் பார்த்தோம். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி இணைப்பு நிரலில் ஜிபிஎல் பகுதிகள் கலந்திருப்பதை ஒரு பொறியாளர் கவனித்துச் சொன்னார். அந்தப் பேச்சு உள்ளே நடந்து முடிந்து, ஏறத்தாழ 20,000 வரிகள் அதே உரிமத்தில் லினக்ஸுக்குள் வந்துசேர்ந்தன. பகைவரைக்கூடக் கொடுக்கவைத்த உரிமம் அது. ஆனால் கிளவுடில் எதுவும் கைமாறுவதில்லை. நிரல் அவர்களுடைய கட்டடத்தில், அவர்களுடைய இயந்திரத்தில், அவர்களுடைய மின்சாரத்தில் ஓடுகிறது. நமக்கு வருவது விளைவு மட்டும். மாற்றங்களை அவர்கள் பகிர்ந்தால் அது நற்பண்பு, பகிராவிட்டால் குற்றமில்லை. இந்த இடைவெளியை அடைக்கவே அஃபெரோ என்ற உரிமம் பிறந்தது, ஆனால் லினக்ஸ் கெர்னல் அதன்கீழ் இல்லை. லினக்ஸை இத்தனை மனநிறைவோடு நேசிக்க முடிவதற்குக் காரணம், அதன் உரிமம் எட்டாத உயரத்துக்கு வணிகம் குடிபெயர்ந்துவிட்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பல் இருக்கிறது, கடிக்க இடமில்லை.

அதனால்தான் விண்டோஸ் ஒருநாள் லினக்ஸ் கெர்னலின் மேல் ஓடும் என்ற கனவு எனக்குக் கனவாகப் படவில்லை. அது முன்பே ஒருமுறை நடந்துவிட்டது. நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசி லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. உலகில் மனிதர்கள் கையில் வைத்திருக்கும் கணினிகளில் மிகப் பெரும்பகுதி இன்று லினக்ஸ். ஆனால் அந்தக் கைப்பேசியில் நிறுவனம் ஏற்றிவைத்த செயலியைக்கூட நீக்க முடியாமல் தவிப்பவர்களை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். பல கைப்பேசிகளில் தொடக்கப் பூட்டைத் திறக்கவே வழியில்லை. மூலநிரல் வெளியே கிடைக்கிறது. அதைத் திருத்தி நம் கைப்பேசியிலேயே திரும்ப ஏற்றப் பூட்டு விடாது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு 2007இல் இந்தப் பூட்டை எதிர்த்துத்தான் எழுதப்பட்டது. லினக்ஸைத் தொடங்கிய அந்த ஹெல்சின்கி மாணவர், லைனஸ் டோர்வால்ட்ஸ், அதை ஏற்கவில்லை. நிரலைத் திருப்பிக் கொடுத்தால் போதும், கருவியை எப்படிப் பூட்டுவது என்பது கருவி செய்பவரின் விருப்பம் என்றார். அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன், அந்த முடிவால்தான் லினக்ஸ் எல்லா இடத்துக்கும் பரவியது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பரவிய இடமெல்லாம் பூட்டும் கூடவே போயிருக்கிறது. தனிக் கணினிகளில் நிலைமை மேல், ஆனால் முற்றிலும் வேறல்ல. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, கையெழுத்திட்ட நிரல் மட்டுமே கணினியைத் தொடங்கலாம் என்ற பாதுகாப்பு ஏற்பாடு பரவலானது. கணினிக்குள் முன்கூட்டியே பதித்திருக்கும் சாவி மைக்ரோசாஃப்டுடையது. இன்று பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகள் அந்தப் பாதுகாப்போடு தொடங்க, மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்ட ஒரு சிறு நிரலை முன்னே வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன. வழக்கமான மேசைக் கணினியில் அந்த ஏற்பாட்டை அணைத்துவிடலாம், நம் சொந்தச் சாவியையும் பதிக்கலாம். அந்த வாய்ப்பு விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. விட்டுவைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதும்போதே பேனா தயங்குகிறது, ஏனென்றால் அதே காலத்தில் விண்டோஸ் ஆர்டி கருவிகளில் அது விட்டுவைக்கப்படவில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அதைச் சொன்னால் என் நண்பர்களே ஏற்கமாட்டார்கள். விண்டோஸின் கெர்னல் அழிவதை நான் விரும்பவில்லை. டெக் நிறுவனத்திலிருந்து 1988இல் வந்த டேவ் கட்லர் தலைமையில் ஒரு குழு எழுதி, 1993இல் என்டி என்ற பெயரில் வெளியான அந்தக் கெர்னல் யூனிக்ஸ் மரபில் வந்ததல்ல. வேறொரு சிந்தனைப் பள்ளியின் குழந்தை. கோப்பையும் நினைவகத்தையும் அனுமதியையும் அது வேறுவிதமாகப் பார்க்கிறது. எத்தனையோ குறைகளோடும், பழைய நிரல் எதையும் கைவிடமாட்டேன் என்ற பிடிவாதத்தோடும் அது வாழ்ந்திருக்கிறது. அது போனால், பெருந்திரள் மக்கள் பயன்படுத்தும் கெர்னல்கள் விரல்விட்டு எண்ணும் நிலையிலிருந்து இன்னும் சுருங்கும். உலாவிகளில் இது நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். 2018 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன் சொந்த உலாவி எந்திரத்தைக் கைவிட்டு, கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியத்தின்மேல் எட்ஜ் உலாவியைக் கட்டப்போவதாக அறிவித்தது. கட்டற்ற மென்பொருளின் வெற்றி என்று பலர் எழுதினார்கள். அந்த எந்திரத்தின் வேரைத் தேடிப்போனால் கேடிஇ என்ற கட்டற்ற மேசைத்திரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் எழுதிய கேஹெச்டிஎம்எல் வரை போகலாம். ஆப்பிள் அதை எடுத்து வெப்கிட் ஆக்கியது, கூகுள் அதிலிருந்து 2013இல் பிளிங்க் என்று கிளைபிரிந்தது. தன்னார்வலர் நிரல் உலகை ஆள்கிறது என்று பெருமைப்படலாம். ஆனால் இணையத்தளம் எப்படி நடக்க வேண்டும் என்பதை முடிவுசெய்யும் இடங்கள் குறைந்துவிட்டன என்பதும் உண்மை. மூலநிரல் திறந்திருந்தும் அதிகாரம் ஓரிடத்தில் குவிய முடியும். ஓரிடத்தில் குவிவதன் ஆபத்தையும் பார்த்துவிட்டோம். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அன்று லினக்ஸ் கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதை லினக்ஸின் மேன்மை என்று கொண்டாடியவர்கள் உண்டு. எல்லோரும் ஒரே மரத்தின் கீழ் ஒதுங்கியிருக்கவில்லை என்பதால் தப்பித்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாளை எல்லாமே ஒரே கெர்னலில் ஓடினால் அப்படி ஒரு நாளில் எது ஓடிக்கொண்டிருக்கும்?

இப்படி ஐயங்களை அடுக்கிக்கொண்டே போகும்போது அவற்றை எல்லாம் கலைத்துப்போடும் ஒரு நிகழ்வும் இருக்கிறது. 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தன் சோதனைக் கணினியில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை நொடி. வேறு எவராக இருந்தாலும் கடந்து போயிருப்பார்கள். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போனபோது, லினக்ஸ் பதிப்புகள் ஏராளமானவற்றில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய சுருக்க நிரலுக்குள் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. நிலையான பதிப்புகளுக்குப் பரவும் முன்பே பிடிபட்டுவிட்டது. பரவியிருந்தால் உலகின் சர்வர்களில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் கைக்குள் போயிருக்கும். ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்ட் ஊழியர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைக் கட்டற்ற மென்பொருளாக மேம்படுத்துவதுதான் அவருடைய வேலை. புற்றுநோய் என்று பெயர்சூட்டிய நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்த ஒருவர்தான் லினக்ஸைக் காப்பாற்றினார். கள்ளக்கதவை வைத்தவரோ உதவிக்கரம் நீட்டி வந்தவர். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, கனிவாகப் பேசி, களைத்துப்போயிருந்த ஒரு தனிமனிதப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, சாவியை வாங்கிக்கொண்டவர். அந்தப் பராமரிப்பாளருக்கு அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. உலகின் பெருநிறுவனங்கள் அனைத்தும் அவருடைய நிரலைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில், தன் மனநலம் குன்றியிருக்கிறது, இது பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவசரப்படுத்திய கடிதங்கள் வந்தன. துணைக்கு ஆள் வரவில்லை. வந்த ஒருவர் அப்படிப்பட்டவர். இந்த நிகழ்வுக்குப் பிறகு தழுவுபவர் யார் என்று பார்த்து நல்லதும் கெட்டதும் பிரிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. பகைவரின் வீட்டிலிருந்து காவலர் வரலாம், தோழரின் உருவில் திருடர் வரலாம். கேட்க வேண்டியது வேறு: இத்தனை பேர் தழுவிக்கொண்ட பின்னும் அந்த மனிதர் ஏன் தனியாக இருந்தார்? கோடிக்கணக்கான டாலர் கொடுத்து, 750 கோடி டாலர் கொடுத்து, கிட்ஹப் என்ற நிரற்களஞ்சியத்தை 2018இல் மைக்ரோசாஃப்ட் வாங்க முடிந்தது. அதில் நிரல் எழுதிவைப்பவர்களின் களைப்பை எந்த விலைப்பட்டியலிலும் காணவில்லை.

மியூனிக்குக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் என் சங்கடத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. அந்த நகரம் பத்தாண்டு உழைத்து, 2013இல் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி முடித்தது. 2017இல் விண்டோஸுக்குத் திரும்பலாம் என்று அதே நகர மன்றம் வாக்களித்தது. மைக்ரோசாஃப்ட் லினக்ஸை நேசிப்பதாக அறிவித்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நேசம் சர்வர் அறையில் மலர்ந்துகொண்டிருந்தது. எழுத்தரின் மேசையில் லினக்ஸ் இடம் இழந்துகொண்டிருந்தது. எழுத்தருக்கு வந்த சிக்கல்கள் உண்மையானவை. அனுப்பிய கோப்பு வேறு அலுவலகத்தில் வரிசை கலைந்து திறந்தது, சில சிறப்பு நிரல்கள் விண்டோஸில் மட்டுமே ஓடின. கெர்னல் எது என்பது அந்தச் சிக்கல்கள் எதையும் தீர்த்திருக்காது. கோப்பின் வடிவம், கணக்கில் நுழையும் வாசல், அஞ்சல் இருக்கும் இடம், இவைதான் ஓர் அலுவலகத்தைக் கட்டிப்போடுகின்றன. நாளை விண்டோஸின் அடியில் லினக்ஸ் கெர்னலை வைத்தாலும் மியூனிக் எழுத்தரின் திரையில் ஒரு புள்ளிகூட மாறாது. தொடக்கப் பலகையில் விளம்பரம் வரும், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் நிறுவ முடியாதபடி வழிகள் அடைபடும், கோப்புகள் மேகத்துக்கு ஏறும். அடியில் ஓடுவது கட்டற்ற மென்பொருள் என்ற உண்மை, நகரக் குடிநீர்க் குழாயின் கீழே ஆறு இருக்கிறது என்பதுபோல, உண்மையாக மட்டும் இருக்கும்.

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ஸ்டால்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்தபோது கெர்னலுக்காக அதைத் தொடங்கவில்லை. ஒரு கருவியைப் பயன்படுத்துபவர், அது என்ன செய்கிறது என்று திறந்துபார்க்கவும், தனக்கு வேண்டியபடி மாற்றவும், பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கவும் முடிய வேண்டும் என்பதற்காகத் தொடங்கினார். இந்த உரிமையின் பயனைத் தமிழர்களும் நேராக அறிந்திருக்கிறோம். கேடிஇ, க்னோம் திரைகளில் தமிழ் வந்தது எந்த நிறுவனத்தின் விற்பனைத் துறையும் தமிழுக்குச் சந்தை இருக்கிறதா என்று கணக்குப் பார்த்ததால் அல்ல. பல நாடுகளில் இருந்த தமிழ்த் தன்னார்வலர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் சொல் சொல்லாக உட்கார்ந்து எழுதினார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த உரிமையில் முளைத்ததுதான். தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் அது விண்டோஸோடு சேர்ந்து வந்தது. விலையில்லாமல் கிடைத்தது என்பதைவிட, திருத்தலாம் என்பதுதான் அதன் பொருள். லினக்ஸ் வென்றதைப் பற்றிப் பேசும் கட்டுரைகளில் இந்தத் திருத்தும் மனிதரைக் காணவே முடிவதில்லை. சர்வர் எண்ணிக்கை இருக்கும், பங்குச் சந்தை இருக்கும், நேசத்தின் இதயப்படம் இருக்கும். கெர்னல் வெற்றிபெற்றது, அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த மனிதருக்கு வெற்றி இன்னும் வந்துசேரவில்லை. என் சங்கடத்தின் பெயர் இதுதான் என்று இத்தனை சுற்றிவந்தபின் சொல்ல முடிகிறது.

ஆகவே மைக்ரோசாஃப்ட் லினக்ஸைத் தழுவட்டும். அதில் வஞ்சம் இருக்கிறதா என்று முகர்ந்துகொண்டே இருப்பதில் பயனில்லை. விண்டோஸ் என்றைக்கு லினக்ஸ் கெர்னலுக்கு மாறும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாததால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல பள்ளிகளிலும் சிறு அலுவலகங்களிலும் குப்பைக்குப் போகும் வரிசையில் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் லினக்ஸ் இன்றே ஓடும். யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பொறுப்பில் அப்படி ஒரு கணினி இருந்தால் தூக்கி எறியாதீர்கள். புதிதாக வாங்கும்போது, இதில் நான் விரும்பும் இயங்குதளத்தை ஏற்ற முடியுமா, தொடக்கச் சாவியை மாற்ற முடியுமா, என் கோப்புகளை வேறு நிரலில் திறக்க முடியுமா என்று கடைக்காரரிடமும் அலுவலகத்திலும் கேளுங்கள். நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கும் ஒருவருக்காவது பணமோ நேரமோ கொடுங்கள். இவற்றை எந்த நிறுவனத்தின் அன்பும் நமக்காகச் செய்துதராது.